தோசைக்கு முன்னால்

ஒரு விடுகதை போடட்டுமா அண்ணாச்சி? ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் கேட்கவே மாட்டார்கள். அது என்ன?

கல்யாணமா? நல்ல ஆள் நீங்கள். கல்யாணத்தில் தினமும் அல்லவா கேட்பார்கள். பாஸ்போர்ட்டும் இல்லை, அது பத்து வருஷம். யோசித்துக்கொண்டே இருங்கள். இப்படி நகர்ந்து உட்காருங்கள், அந்தப் பக்கம் வெயில் வந்துவிட்டது. எனக்கு இடம் வேண்டாம், நான் நிற்கிறேன். உட்கார்ந்தால் கேட் தெரியாது.

உங்கள் பேத்தியும் இந்தத் தமிழ்ப் பள்ளியில்தானா? எந்த நிலை? இரண்டா? என் மகள் ஐந்தாம் நிலை. நறுமுகை என்று பெயர். வீட்டில் முகை. இன்றைக்குக் கடைசி வகுப்பு, பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். அதோடு கோடை விடுமுறை. இந்த விடுமுறை முழுக்க அவள் என்னோடு இருக்கப் போகிறாளா, அவள் அம்மாவோடு இருக்கப் போகிறாளா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அவளே முடிவு செய்யட்டும் என்று பேச்சு. கேட்டுக்கு உள்ளே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வண்டி நிற்கிறதே, அதில் இருப்பது பூரணி. என் மனைவி. கோர்ட், வக்கீல் என்று எதுவும் இல்லை. சும்மா ஒரு கோபம். இரண்டு மாதமாகத் தன் சித்தி மகள் வீட்டில் இருக்கிறாள். முகையும் அங்கேதான்.

நீங்கள் பாளையங்கோட்டை என்று சொன்ன பிறகுதான் எனக்கு வாய் திறக்கவே தோன்றியது. நான் கல்லிடைக்குறிச்சி. பெயர் சிவசைலம். இங்கே யாரோடும் இப்படிப் பேசுவதில்லை. பேசினால் உடனே ஒரு முகம் வைத்துக்கொள்கிறார்கள்.

விடை தெரியவில்லையா? இதோ, பிடியுங்கள். இந்த அட்டைதான் விடை. படத்தில் மீசை இருக்கிறது, பார்க்காதீர்கள். கைத்துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம் என்று மாநிலம் எனக்குக் கொடுத்த அட்டை. ஐந்து வருஷம் செல்லும்.

ஏன் அண்ணாச்சி தள்ளி உட்காருகிறீர்கள்? ஆமாம், இருக்கிறது. இடுப்பில், சட்டைக்கு உள்ளே. அதனால்தான் கேட்டுக்கு உள்ளே போகாமல் சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். பள்ளி வளாகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நான் சட்டத்தை மீறுகிறவன் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த பதினேழு வருஷத்தில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. பயப்படாமல் உட்காருங்கள். நியாயமாகப் பார்த்தால் இந்தத் தெருவிலேயே பத்திரமான இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். மணி என்ன? சரி, நேரம் இருக்கிறது.

மூன்று தீபாவளிக்கு முன்னால் நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் பின்பக்கக் கதவு உடைந்து கிடக்கிறது. டிவி இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, படுக்கையறை அலமாரி மட்டும் காலி. இந்தியர்கள் வீட்டில் தங்கம் இருக்கும், அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருப்பார்கள் என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். பூரணியின் ஆரம், வளையல், என் அம்மா போட்ட இரட்டை வடம், எல்லாம் போய்விட்டது. பூரணி லாக்கரில் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். 'பேங்கில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், வீட்டில் இருப்பதுதான் பத்திரம்' என்று நான்தான் சொன்னேன். அதை அவள் இன்றைக்கு வரைக்கும் விடவில்லை. சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அந்த இரட்டை வடத்தில் போய்த்தான் முடியும்.

அந்த வாரமே துப்பாக்கி வாங்கப் போனேன். அன்றைக்குப் பூரணிக்கு வேலை, முகையை விட்டுவிட்டுப் போக முடியாது, அழைத்துப்போனேன். செகண்ட் கிரேடு அப்போது. ஏழு வயது. கடையில் சுவர் முழுக்க மான் தலை. அவள் ஒவ்வொரு மானுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் நல்ல மனிதர். இவ்வளவு பெரிய உருவம், தொப்பை வரைக்கும் வெள்ளைத் தாடி. நான் ஒரு கறுப்புத் துப்பாக்கியை எடுத்தேன், அவர் என் விவரத்தை வாங்கிக்கொண்டு போனை எடுத்தார்.

இங்கே அப்படித்தான். கடையிலிருந்து அரசாங்கத்துக்குப் போன் போட்டு, இந்த ஆளுக்கு விற்கலாமா என்று கேட்க வேண்டும். குற்றம் செய்தவனா, மனைவியை அடித்தவனா, கோர்ட் தடை இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிடும்.

முகை என் சட்டையை இழுத்தாள். "யாருக்குப்பா போன் பண்றாங்க?"

"அப்பா நல்லவனான்னு கேக்குறாங்க."

"யார்கிட்ட?"

"கவர்ன்மென்ட்கிட்ட."

"கவர்ன்மென்டுக்கு உங்களத் தெரியுமா?"

கடைக்காரருக்கு அதை இங்கிலீஷில் சொன்னேன், தாடி குலுங்கச் சிரித்தார். அப்புறம் போனில் என்ன சொன்னார்களோ, சிரிப்பு நின்றுவிட்டது. 'தாமதம்' என்று பதில். ஆகாது என்று இல்லை, ஆகும் என்றும் இல்லை. என் பெயர் மாதிரி வேறு எவன் பெயரோ எங்கேயோ இருக்கிறதாம், பார்த்துச் சொல்வார்களாம், மூன்று வேலை நாள் கழித்து வரச்சொன்னார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் பெயர் எதுவோ, ஒரு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போனான். நான் வெறுங்கையோடு, மகள் முன்னால். எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். சிவசைலம் என்று இன்னொருத்தன் இந்த நாட்டில் என்ன குற்றம் செய்திருக்கப் போகிறான்?

கடைக்காரர்தான் வழி சொன்னார். "மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். கைத்துப்பாக்கி அட்டை ஒன்று எடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் அடுத்த தடவை நான் போனையே தொட மாட்டேன். நம் மாநிலத்தில் அப்படித்தான் சட்டம். அட்டை கொடுக்கும்போதே உங்களை முழுசாக அலசிவிடுகிறார்கள், பிறகு எதற்கு இன்னொரு தடவை?"

மூன்று நாள் கழித்து அந்தக் கறுப்புத் துப்பாக்கி கைக்கு வந்தது, அட்டையும் எடுத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க வகுப்பு, சுட்டுக் காட்ட வேண்டும், பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். அட்டை தபாலில் வந்த அன்றைக்கு நான் பாயசம் வைக்கச் சொன்னேன். பூரணி, "குடியுரிமை வந்தப்பகூட நீங்க இப்படிக் குதிக்கலியே" என்றாள். கேலிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அண்ணாச்சி. விசா கியூவில் சந்தேகம், ஏர்போர்ட்டில் சந்தேகம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அரசாங்கம், 'இவனைப் பார்த்துவிட்டோம், இவன் சரி, இனிமேல் இவனைக் கேட்காதே' என்று எழுதிக் கொடுக்கிறது. அதற்குப் பாயசம் அதிகமா?

யார் அது? அந்த நீலத் தொப்பிக்காரன் இரண்டாவது தடவையாகப் போகிறான். நாயைத்தான் கூட்டிக்கொண்டு போகிறான் போலிருக்கிறது. சரி, போகட்டும்.

நான் ஜாக்கிரதையான ஆள் அண்ணாச்சி. பேங்கில் என் வேலையே அதுதான். யாருக்கு எந்தக் கதவைத் திறக்கலாம் என்று பார்க்கிற வேலை. கதவு என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கதவு. ஒருத்தனுக்கு ஒரு தடவை திறந்துவிட்டோம் என்று சும்மா இருக்க முடியாது. அவன் வேறு துறைக்கு மாறியிருப்பான், மேனேஜரோடு சண்டை போட்டிருப்பான், மனசு கெட்டிருப்பான். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் மறுபடியும் பார்ப்பேன். சந்தேகம் என்றால் உடனே பூட்டு. போன வருஷம் நல்லவனாக இருந்தான் என்பது இந்த வருஷத்துக்குச் செல்லாது. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற முதல் பாடமே அதுதான். என் சிநேகிதன் எட்வின், நாகர்கோவில்காரன், அதே பேங்க்தான், துறை மாறிய அன்றைக்குச் சாயங்காலமே அவன் கதவையும் பூட்டினேன். "லே மக்கா, நாளைக்குக் காலையில பூட்டினா என்ன?" என்றான். முடியாது என்றுவிட்டேன்.

எட்வினைப் பற்றி எதற்கு ஆரம்பித்தேன்? ஆமாம், தோசை. தோசையைச் சொன்னால்தான் எட்வின் வருவான்.

இந்தப் பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குண்டு எல்லாம் எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன், நன்றாகக் கவனியுங்கள். முகை எதிரில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூரணி சட்னி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளுடைய அக்கா மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றாள். நான் சரி என்றேன். "சரின்னு சுலபமா சொல்லிட்டீங்க, கழுத்துல என்னத்தப் போட்டுட்டுப் போறது?" என்றாள். பார்த்தீர்களா, இரட்டை வடம் வந்துவிட்டது. நான் ஒன்று சொன்னேன், அவள் ஒன்று சொன்னாள். அவள் நிறுத்தவில்லை. நான் மேசையில் கையை வைத்தேன்.

கொஞ்சம் ஓங்கி வைத்தேன். கையில் அது இருந்தது. அவ்வளவுதான். மேசைக்குக் கண்ணாடி போட்டிருந்தோம், அது இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் விரிசல் விட்டுவிட்டது. யாரையும் நோக்கிக் காட்டவில்லை. யார் மேலேயும் கை வைக்கவில்லை. குண்டே இல்லாத துப்பாக்கி. அது இரும்புத் துண்டு, ஒரு குழவிக்கல் மாதிரி. குண்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பூரணி கேட்கிறாள். என்னை நம்பினால் தெரிந்துவிட்டுப் போகிறது!

முகை என்ன செய்தாள் தெரியுமா? தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கதவைத் தட்டி, "என்னம்மா பண்ற?" என்றேன். "தோசை சாப்பிடுறேன்" என்று உள்ளேயிருந்து பதில். பிறகு திறந்தபோது பார்த்தால், குளியல் தொட்டிக்குள் காலை மடக்கி உட்கார்ந்து முழுத் தோசையையும் தின்றிருக்கிறாள். தொட்டியெல்லாம் சட்னி! ஆபீசில் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். எட்வின் மட்டும் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள்.

அன்றைக்கே பூரணி சொல்லிவிட்டாள், "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்." சரி, குடும்பம் முக்கியம். எட்வின் வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறது, அவன் மான் வேட்டைக்குப் போகிறவன். அவனைக் கூப்பிட்டு அந்தக் கறுப்புத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மக்கா, ஒரு வருஷத்துக்கு எங்கிட்ட கேக்காதே" என்றான். அதோடும் விடவில்லை நான். முகையைக் கூப்பிட்டு, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். "இந்தத் துப்பாக்கி இனிமே நம்ம வீட்டு வாசலைத் தாண்டி உள்ள வராது. இது சத்தியம்." யாரும் கேட்காமல் நானாகவே பண்ணினேன்.

அவள் இங்கேயே பிறந்தவள், அதெல்லாம் தெரியாது. "எதுக்குப்பா என் தலை?" என்றாள்.

"உன்னைவிட அப்பாவுக்குப் பெருசு எதுவும் இல்ல. அதனாலதான்."

"சத்தியத்த மீறினா என்ன ஆகும்?"

"தலை வெடிச்சிடும்."

ஊரில் எல்லாரும் சொல்வதுதானே? சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மணி என்ன? இன்னும் பத்து நிமிஷமா? உங்கள் கைக்கடிகாரம் சரிதானே?

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பின்கதவைப் பூட்டுவேன். மாடிக்குப் போவேன். பூட்டினோமா என்று சந்தேகம் வரும், இறங்கி வருவேன். பூட்டித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை இழுத்தால் இங்கே நான் எழுந்து நிற்பேன். பூரணி, "இப்படி நடந்துட்டே இருந்தா தரை தேஞ்சுடும், உக்காருங்க" என்பாள். எப்படி உட்கார்வது? அலமாரியில் இருப்பது அன்றைக்குக் கோயிலுக்குப் போட்டுப்போன நாலு வளையலும் என் மகளுடைய கம்மலும்தான், இருந்தாலும் வீடு என் பொறுப்பு அல்லவா?

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, இதே பள்ளியிலிருந்து முகையை அழைத்துக்கொண்டு போகும்போது வண்டி அந்தக் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. சும்மா பார்க்கலாம் என்றுதான். அவளுக்கும் மானெல்லாம் ஞாபகம் இருந்தது. அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தாடிக்காரர் ஒரு வெள்ளி நிறத் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். கைக்கு அடக்கம். நான் அட்டையை எடுத்து நீட்டினேன்.

என்ன சொல்வது அண்ணாச்சி, அந்த நிமிஷத்தை! அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். போனைத் தொடவே இல்லை. ஊரில் சிம் கார்டு வாங்க இதைவிட அதிக நேரம் ஆகும். முன்பு 'தாமதம்' என்று திருப்பி அனுப்பிய அதே கடை, அதே மேசை. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முகையைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்க்க வேண்டும் அல்லவா, அப்பாவுக்கு என்ன மரியாதை என்று.

அவள் கையை மடியில் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். போட்டிக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

"வா, போகலாம்."

"போன் பண்ணலியா?"

"தேவையில்ல. அட்டை இருக்குல்ல."

"யார்கிட்டயும் கேக்கலியா?"

"அதெல்லாம் அப்பவே கேட்டாச்சும்மா. நீ செகண்ட் கிரேடு படிக்கும்போது."

யோசித்தாள். அவளுக்கு யோசித்தால் மூக்கு சுருங்கும். "அது தோசைக்கு முன்னாடிப்பா."

தோசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகள் காலத்தை அப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்ளும். பல் விழுந்ததற்கு முன்னால், தோசைக்கு முன்னால்.

வண்டியில் ஏறின பிறகு சொன்னாள், "என்கிட்ட கேப்பாங்கன்னு நெனச்சேன். சொல்றதுக்கு ரெடியா இருந்தேன்."

"என்ன சொல்லியிருப்ப?"

"அவங்கதான் கேக்கலியே."

அவ்வளவுதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சனிக்கிழமை வண்டியில் நாங்கள் விடுகதை போட்டுக்கொள்வது வழக்கம். தமிழ்ப் பள்ளியில் விடுகதைப் போட்டியில் இரண்டு வருஷமாக அவள்தான் முதல். உங்களுக்கு முதலில் போட்டேனே, அந்த விடுகதையை நான் அன்றைக்கு அந்த வண்டியில்தான் கட்டினேன். சட்டென்று கண்டுபிடித்துவிட்டாள். பதிலுக்கு அவள் ஒன்று போட்டாள். 'ஊர்ல எல்லார்கிட்டயும் கேப்பாங்க, வீட்டுல இருக்கிறவங்ககிட்ட மட்டும் கேக்க மாட்டாங்க. அது என்ன?' நானும் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகையா என்றேன். இல்லையாம். விடை சொல்லு என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். விடுகதை என்றால் விடை வேண்டும் முகை, விடை இல்லாமல் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாது. அதற்கு விடையே கிடையாது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவளும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. ஆனால் மறுநாளிலிருந்து சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். ஊதா நிறம், பின்னால் ஒரு பூனை ஒட்டியிருக்கும். வீட்டுக்குள்ளே! வீட்டுப்பாடம் எழுதும்போது ஹெல்மெட், டிவி பார்க்கும்போது ஹெல்மெட். சைக்கிள் பைத்தியம் என்று நான் கேலி பண்ணினேன். சாப்பாட்டு மேசையிலும் அதோடு வந்து உட்கார்ந்ததும் பூரணி, "ஏன்டி, சாம்பார் மேல விழும்னு பயமா?" என்றாள். அவள் வாரை அவிழ்க்கவே இல்லை. ஒரு வாரம் ஆயிற்று. தலைக்கு எண்ணெய் வைக்கக் கழற்றச் சொன்னபோது ஓ என்று அழுதுவிட்டாள். கழற்றினால் வெடித்துவிடுமாம். அப்பா சத்தியம் பண்ணினாங்களாம், அப்புறம் வாங்கிட்டாங்களாம்.

பூரணி நேராக அலமாரிக்குப் போய்த் துணியை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

நான் முகையை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினேன். "இங்க பாரும்மா, அப்பா எந்தத் துப்பாக்கிக்குச் சத்தியம் பண்ணினேன்? கறுப்புத் துப்பாக்கிக்கு. அது எங்க இருக்கு? எட்வின் மாமா வீட்டுல. இது வேற. இது வெள்ளி. சத்தியம் அப்படியேதான் இருக்கு."

அவள் கேட்டாள், "அது என் தலைக்குத் தெரியுமாப்பா?"

வாசலில் பூரணி வண்டியைக் கிளப்பினாள், முகையும் அவளோடு போய்விட்டாள்.

இரண்டு மாதம். வாரத்துக்கு ஒரு நாள் பீட்ஸா கடையில் பார்க்கிறேன். அங்கேயும் ஹெல்மெட்டோடுதான் வருகிறாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் ஒன்றும் சொல்வதில்லை. பூரணி சொல்கிறாள், அம்மாவோடு இருக்கும்போது அதைப் போடுவதே இல்லையாம். அப்படித்தான் சொல்வாள்.

விடுமுறைக்கு எல்லாம் தயார் பண்ணிவிட்டேன். அவள் அறைக்குப் புது வண்ணம் அடித்தேன், நானே. மேசைக்குக் கண்ணாடி மாற்றிவிட்டேன். ஏரிக்குப் போகப் படகு சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை போனில் கேட்டேன், "வருவேல்ல?" கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள், "நீங்க கேட்டுக்கு உள்ள வந்து கூப்பிடுங்கப்பா. உள்ள வந்தா வரேன்."

சிநேகிதிகளுக்கெல்லாம் அப்பாவைக் காட்ட வேண்டும் என்று ஆசை. குழந்தைதானே? இங்கே நின்றால் மட்டும் தெரியாதா என்ன? உயரமாகத்தானே இருக்கிறேன்.

வண்டியில் வைத்துவிட்டுப் போகலாமே என்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். வண்டிக் கண்ணாடியை உடைக்க எத்தனை நேரம் ஆகும்? போன மாதம் அந்த மளிகைக் கடை வாசலில் மூன்று வண்டியை உடைத்திருக்கிறார்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்றால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. யாரும் இல்லாத வீட்டில்தான் திருடன் வருவான். உடம்பில் இருப்பதுதான் பத்திரம். என் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். எழுந்து நில்லுங்கள் அண்ணாச்சி, உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா பாருங்கள். சின்னப் பிள்ளைகளை முதலில் விடுகிறார்கள். அந்தப் பச்சைப் பாவாடை உங்கள் பேத்தியா? உங்கள் மகன் கூட்டிக்கொள்கிறார், இருங்கள், ஒரு நிமிஷம் இருங்கள், போகாதீர்கள். என்னோடு நில்லுங்கள். ஐந்தாம் நிலை கடைசியாகத்தான் வரும்.

அதோ. ஊதா. தெரிகிறதா, ஹெல்மெட்? போட்டுக்கொண்டிருக்கிறாள். போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் என்னோடு வரத் தயாராக வந்திருக்கிறாள் என்று அர்த்தம். நான் சொல்லவில்லையா? வெள்ளை வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கேட்டுக்குத்தான் வருகிறாள். முகை! இங்கம்மா, இங்க!

பார்த்துவிட்டாள்.

கேட்டில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களே, அங்கே நிற்கிறாள். சாலையைத் தாண்டக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதனால் நிற்கிறாள். முகை, வா! வண்டி ஒண்ணும் வரல, வா!

கையைக் காட்டுகிறாள். வா என்கிறாள். என்னை வரச் சொல்கிறாள்.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம் இதை நீங்கள், இல்லை, இல்லை, உங்களிடம் அட்டை கிடையாது. உங்களிடம் கொடுப்பது சரியில்லை. உங்களை யாரும் விசாரித்ததே இல்லையே. இருபது அடி தூரம்தான். அவள் வந்தால் என்ன? அந்தக் கோட்டை இப்படித் தாண்டினால் போதும், நான் கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் வரலாம், சட்டம் ஒன்றும் இல்லை. நான்தான் போகக் கூடாது.

நிற்கிறாள். பையைக் கீழே வைத்துவிட்டாள். அப்படியென்றால் காத்திருக்கிறாள். நல்லது, காத்திருக்கட்டும். நானும் காத்திருக்கிறேன். யார் முதலில் என்று பார்ப்போம். பிடிவாதத்தில் அவள் என்னை மாதிரி.

வண்டிகள் எல்லாம் போய்விட்டன. டீச்சரும் போகிறார். பூரணி இறங்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முகை, படகு சொல்லி வச்சிருக்கேன்! கேக்குதா? படகு!

பையை எடுத்துவிட்டாள்.

திரும்பி நடக்கிறாள். கொடிக்கம்பத்தைத் தாண்டிவிட்டாள். பின்கதவைத் திறந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே வைத்தாள். ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டாள்.